மூன்று தட்டு

மாலை ஐந்து மணி. ஜனவரி. சுரங்கத்திலிருந்து கடலுக்கு இறங்கும் கரிவண்டிப் பாதை. இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்குப் பனி. பெல்லா தனியாக வருகிறாள். சால்வைக்குள் குழந்தை…

"எந்த பெல்லா?" என்றாள் ஏவ்ரில்.

"என் சிநேகிதி எத்தலோட சித்தி. குறுக்க பேசாத கண்ணு."

மின்சாரம் போயிருந்தது. வேலைநிறுத்தம் தொடங்கியதிலிருந்து தினமும் போகிறது. ஆண்கள் மின்நிலைய வாசலில் மறியலுக்குப் போயிருந்தார்கள். நாங்கள் மூன்று பெண்கள், முட்டியோடு முட்டி இடிக்க, ஏவ்ரில் வீட்டுக் கணப்பின் முன் உட்கார்ந்திருந்தோம். ஏவ்ரில் எங்கள் சுரங்க வீட்டு வரிசைக்குக் குடிவந்து ஒரு வாரம்தான். கடற்கரையில் பொறுக்கிய கரி. ஈரம் காயாமல் வெடித்து வெடித்து எரிந்தது. மாடியில் அவள் பையன் நீல் தூங்கிக்கொண்டிருந்தான்.

"புதுசா வந்தவள ஒரு தடவ அலற வைக்கணும் ஹில்டா," என்று டோரீன் வரும் வழியிலேயே சொல்லியிருந்தாள். "உன் பெல்லா கதைய எடுத்து விடு."

எடுத்து விட்டேன்.

பெல்லாவுக்குப் பத்தொன்பது வயது. பிள்ளை பெற அம்மா வீட்டுக்குப் போனவள், பனியில் பாதை மூடிப்போய் அங்கேயே தங்கிவிட்டாள். அன்றைக்குத்தான் திரும்புகிறாள். இதே வரிசை. இதே வீடு.

"இதே வீடா? சும்மா சொல்றீங்க," என்று ஏவ்ரில் சிரித்தாள்.

"கேளு கண்ணு."

கதவைத் திறந்தால் வீடு கிணறு மாதிரி குளிர்ந்து கிடக்கிறது. புருஷன் வில்ஃப் சுரங்கத்தில். பிற்பகல் ஷிஃப்ட். கணப்பில் வெறும் சாம்பல். நெருப்பை அணையவிட்டுப் போயிருக்கிறான்.

"ஆம்பிள கவனம் அவ்வளவுதான்," என்றாள் டோரீன்.

பெல்லா குழந்தையைத் தொட்டிலில் விட்டாள். சாம்பலைச் சுரண்டி வாரினாள். செய்தித்தாளை முறுக்கி முடிச்சுப் போட்டு அடுக்கினாள். மேலே சுள்ளி. அதற்கு மேல் முட்டை அளவுக் கரி, காற்றுக்கு இடம் விட்டு. தீக்குச்சி. புகை முதலில் அறைக்குள்தான் திரும்பியது. ஒரு முழுத்தாளை எடுத்துக் கணப்பின் வாயை மூடிப் பிடித்தாள். தாள் உள்ளே வளைந்தது. பின்னால் ஒரு உறுமல்… புகைக்கூண்டு இழுக்கத் தொடங்கிவிட்டது. தாளின் நடுவில் பழுப்பு படர்ந்தது. சட்டென்று விலக்கினாள். நெருப்பு பிடித்திருந்தது.

பெரிய கரிகளை வைத்தாள். பூட்ஸைக் கழற்றினாள். ரொட்டியை முள்கரண்டியில் குத்தி வாட்டி, கொழுப்புத் தடவித் தின்றாள். முகம் எரிந்தது, முதுகு சில்லென்றது. அப்படித்தான் இருக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்துத் தன் வீட்டில் இருக்கிறோம் என்று தோன்றியது.

அப்போது கணப்பின் பின்சுவரில்… டொக்.

ஒரு தட்டு.

இது என்னவென்று நான் ஏவ்ரிலுக்குச் சொல்லத் தேவையில்லை. அவளும் சுரங்க வரிசையில் பிறந்தவள். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். கணப்பும் கணப்பும் முதுகோடு முதுகு. கிளறுகம்பியால் பின்சுவரைத் தட்டினால் அடுத்த வீட்டில் கேட்கும். ஒரு தட்டு: சுகம், படுக்கப் போகிறேன். மூன்று: உடனே வா. இரண்டு: வருகிறேன். மூன்று கேட்டால் யாரும் யோசிப்பதில்லை. மாவுக் கையோடு ஓடுவார்கள். இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு.

அடுத்த வீட்டில் தெர்சா. வயதான விதவை. இந்த வரிசையில் பாதிப் பேர் அவள் கையில்தான் பிறந்தார்கள். அங்கிப் பையில் எப்போதும் ஒரு தகர டப்பா, அதில் வாத்துக் கொழுப்பும் கற்பூரமும். எந்தக் குழந்தைக்குச் சளி என்றாலும் நெஞ்சில் தேய்ப்பாள். தினமும் படுக்கப் போகுமுன் பெல்லாவுக்கு ஒரு தட்டு.

பெல்லாவும் ஒன்று தட்டினாள். மனசு நிறைந்தது.

கொஞ்ச நேரத்தில் குழந்தைக்கு இருமல் வந்தது. சாதாரண இருமல் இல்லை. நாய் குரைப்பது போல. மூச்சை இழுக்கும்போது தொண்டையில் விசில். உதடு நிறம் மாறியது. வெளியே பனி. வைத்தியர் அடுத்த ஊரில்…

பெல்லா கம்பியை எடுத்தாள். டொக். டொக். டொக்.

உடனே பதில். டொக், டொக்.

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம். தாழ்ப்பாள். செங்கல் தளத்தில் மரக்காலணி. பெல்லா கதவுக்கு ஓடித் திறந்தாள்.

நின்றது செப். எதிர் வரிசைக் கிழவன். கையில் லாந்தர்.

"புகை தெரிஞ்சுது. அதான் வந்தேன்," என்றான். "உனக்கு யாரும் சொல்லலியா புள்ள? தெர்சா போயிட்டா. வெள்ளிக்கிழம அடக்கம் பண்ணினோம்."

பெல்லாவுக்குப் பின்னால், வீட்டுக்குள், இருமல் நின்றது.

ஓடிப்போய்ப் பார்த்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சீரான மூச்சு. சட்டை திறந்திருந்தது. நெஞ்சில் பளபளவென்று கொழுப்பு. தொட்டால் இன்னும் சூடு. கற்பூர வாசனை…

"யம்மா," என்றாள் டோரீன். இந்தக் கதையை அவள் முன்பே கேட்டவள். ஏவ்ரில் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல பேய்தானே, அதுல பயமென்னன்னு கேப்பீங்க," என்றேன். "அடுத்த ராத்திரி மூணு தட்டு வந்துச்சு. பெல்லா மூணு தட்டினா தெர்சா வந்தா. இப்ப தெர்சா மூணு தட்டுறா."

பெல்லா போகவில்லை. எலி என்றான் வில்ஃப். அதற்கு அடுத்த ராத்திரியும் மூன்று. வில்ஃப் எலி என்று சொல்லவில்லை. பெல்லா தலையணையால் காதை மூடிக்கொண்டாள். மூன்றாம் ராத்திரி குழந்தைக்கு மறுபடி அந்த இருமல். உதடு நீலமாகிவிட்டது. பின்சுவரில் மூன்று தட்டு… நிற்கிறது… மறுபடி மூன்று. பெல்லா குழந்தையை வில்ஃப் கையில் கொடுத்தாள். கம்பியை எடுத்து இரண்டு தட்டினாள்.

இருமல் நின்றது.

சால்வையைப் போர்த்திக்கொண்டாள்.

"எங்கடி போற?"

"கூப்பிட்டா போகாம இருக்க முடியுமா? நெருப்பப் பாத்துக்கோ."

கதவு சாத்திக்கொண்டது. வில்ஃப் குழந்தையோடு நின்றான். சுவருக்கு அப்பால் கேட்டது. தாழ்ப்பாள். நாற்காலி இழுபடும் சத்தம். ஒன்று… பிறகு இன்னொன்று. தணிந்த குரலில் இரண்டு பெண்கள் பேசிக்கொள்வது போல. அவன் ஓடினான். அடுத்த வீட்டுக் கதவில் சுரங்க நிர்வாகம் போட்ட பூட்டு வெளியே தொங்கியது. படியில் பனி கலையவில்லை. அக்கம்பக்கத்தார் வந்து பூட்டை உடைத்தார்கள். உள்ளே யாரும் இல்லை. பெல்லாவை அதற்குப் பிறகு ஒருவரும் பார்க்கவில்லை.

"அவ்வளவுதான்," என்றேன்.

"எவனோடயாவது நியூகாசிலுக்கு ரயிலேறியிருப்பா," என்று டோரீன் சிரித்தாள். "அந்த வில்ஃபோட குடித்தனம் பண்றதுக்கு அது எவ்வளவோ மேல்."

ஏவ்ரில் சிரிக்கவில்லை.

"தெர்சா வீடு எந்தப் பக்கம்?"

கணப்பைக் காட்டினேன்.

"அங்க இப்ப யாரு இருக்காங்க?"

"யாருமில்ல. கோடையிலேருந்து காலி. கூர ஒழுகுது, ஒருத்தரும் வர மாட்டேங்குறாங்க. ஏன்?"

அவள் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தாள். மெதுவாக, சத்தம் வராமல்.

"தெனம் ராத்திரி ஒரு தட்டு வருதுக்கா. வந்த நாள்லேருந்து. நானும் ஒண்ணு தட்டுவேன். யாரோ வயசானவங்க தனியா இருக்காங்கன்னு நெனச்சேன். பனி விட்டதும் போய்ப் பேசணும்னு இருந்தேன்."

"ஏய், கள்ளி! எங்களயே மெரட்டுறியா?" என்றாள் டோரீன்.

"நேத்து நீலுக்கு மூச்சு முட்டுச்சு. நாய் கொரைக்கிற மாதிரி இருமல். அவரும் இல்ல. எனக்கு வேற யாரத் தெரியும் இங்க?" ஏவ்ரிலின் குரல் உடையவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "மூணு தட்டினேன். ரெண்டு வந்துச்சு. கதவத் தெறந்து வெச்சு நின்னேன். யாரும் வரல. மேல போய்ப் பாத்தா தூங்குறான். நெஞ்செல்லாம் பிசுபிசுன்னு… வேர்வைன்னு நெனச்சுத் தொடச்சேன்."

டோரீன் என்னைப் பார்த்தாள். நான் கரியைப் பார்த்தேன். யாரும் புதிதாகக் கரி வைக்கவில்லை. நெருப்பு தணிந்து, மேலே சாம்பல் வெள்ளையாகப் படிந்திருந்தது.

மேலே ஒரு இருமல். குரைப்பு போல.

டொக்.

கரி குலுங்கி ஒரு துண்டு சரிந்தது.

டொக். டொக்.

ஏவ்ரில் எழுந்தாள். கிளறுகம்பியை எடுத்தாள். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"தட்டாத. ஏவ்ரில், வேண்டாம். கேக்காத மாதிரி இரு. டோரீன், மேல போய்ப் பையனத் தூக்கிட்டு வா. எங்க வீட்டுக்குப் போயிடலாம்."

டோரீன் மெழுகுவத்தியோடு படியேறினாள். பலகை கிறீச்சிட்டது. பிறகு அவள் குரல். அது அவள் குரல் மாதிரியே இல்லை.

"ஹில்டா… இவன் ஒதடு நீலமாயிருக்குடி. மூச்சு உள்ள போகல. ஹில்டா!"

டொக். டொக். டொக்.

நான் இறுக்கிப் பிடித்திருந்தேன். அவள் இழுக்கவில்லை, திமிறவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான். என் விரல்கள் தாமாகத் தளர்ந்தன.

ஏவ்ரில் குனிந்து பின்சுவரை இரண்டு தட்டினாள்.

மேலே இருமல் நின்றது. "மூச்சு வருது," என்று டோரீன் அழுதாள். "வருது, வருது…"

ஏவ்ரில் கொக்கியிலிருந்து கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். பொத்தான் போடவில்லை. பக்கத்து வீட்டுக்குத்தானே.

"நெருப்பப் பாத்துக்கங்கக்கா," என்றாள்.

கதவு சாத்திக்கொண்டது. நான் எழுந்து ஓடியிருக்க வேண்டும். கணப்பின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தேன். முகம் எரிந்தது. முதுகு சில்லென்றது.

சுவருக்கு அப்பால் தாழ்ப்பாள் விழுந்தது.

நாற்காலி இழுபட்டது. ஒன்று.

இரண்டு.

கொஞ்சம் பொறுத்து, மூன்று.