மாமூத் எப்படி அழிந்தது

திருக்கனூரிலிருந்து பாண்டிக்குப் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கம்பெனி சீருடையில் இருந்தவர் அமலா. மடியில் கத்தரிக்காய்ப் பையோடு இருந்தவர் செல்வி. கூடப் படித்தவர்கள், பல வருடம் கழித்து இன்றுதான் சந்திக்கிறார்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“இப்பவும் சொல்றேன் செல்வி, அந்தப் பனிக்காலத்து மாமூத் யானைய மனுசந்தான் வேட்டையாடித் தீர்த்தான்.”

“இன்னாடி, இன்னும் அதையே சொல்ற? பனி உருகி, மேய புல்லு இல்லாம செத்துச்சு.”

“பட்டிமன்றத்துலயும் இதான் சொன்ன. தீர்ப்ப அடுத்த வாரம் சொல்றேன்னாங்க டீச்சர்.”

“இன்னா சொன்னாங்க?”

“நீதான் வரலியே. நீ வந்ததும் சொல்லலாம்னு வுட்டுட்டாங்க. உங்க வூட்ல கேட்டா கல்யாணம்னாங்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேடி.”

செல்வி ஜன்னலுக்கு வெளியே கரும்பு வயலைப் பார்த்தார்.

“எனக்கே கல்யாணத்துக்கு மொத நாளுதான்டி சொன்னாங்க.”

அமலா கத்தரிக்காய்ப் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“எம் பொண்ணு போன்ல காட்டுச்சு,” என்றார் செல்வி. “ரெண்டுமே காரணமா இருக்கலாமாம். புல்லு கொறஞ்சு செத்தது போவ மிஞ்சின யானைய, மனுசன் வேட்டையாடிட்டானாம்.”

“அப்ப ரெண்டு பேருமே ஜெயிச்சோம்.”

“ஒடனே உங்கிட்ட சொல்லணும்னு இருந்துச்சு. உன் நம்பர் இல்ல.”

வில்லியனூரில் செல்வி எழுந்தார். பாண்டிக்கு டிக்கெட் எடுத்திருந்த அமலாவும் எழுந்தார்.

“டூட்டிக்கு லேட்டாவும்டி,” என்றார் செல்வி.

“ஆவட்டும். உங்க வூட்டுக்கு எப்படிப் போவணும்?”