மலைத்தேனில் வந்த ஊதா நிறம்

பணி நிறைவு காணும் முதுநிலைப் பகுப்பாய்வாளர் திருமதி தேவகிருபை ஆபேல் அவர்களுக்கு உடன் பணியாற்றியோர் உவந்தளிக்கும் மடல்

துல்லியத்தைத் துணையாகவும் தூய்மையைத் தோழியாகவும் கொண்டவரே, சோதனைக் குழாயின் முன் சோர்வறியாதவரே, "ஏன்?" என்று தம்மையே கேட்டுக்கொள்ளத் தயங்காத அம்மையாரே, வணக்கம். முகத்துக்கு நேரே புகழ்ந்தால் எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே அவையோருக்குச் சொல்கிறோம். தாங்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள்.

அம்மையார் வந்த நாள் முதல் எங்கள் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவைக்குக் கிடைத்த கவனிப்பு எங்களில் எவருக்கும் கிடைத்ததில்லை. பிசுக்குப் பட்ட குடுவை குரோமிக் அமிலத்தில் ஊற வேண்டும். பிறகு நீர் விட்டு அலச வேண்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். சிறு கறை தெரிந்தாலும் மறுபடி அமிலத்தில் போடச் சொல்வார். அது அவரே போட்ட சட்டம்.

எழுபத்தொன்பதில் தேனீ வளர்ப்போர் சங்கத்தின் தேன் சோதனைக்கு வந்தது. தோல் பதனிடும் டேனரிகளின் கழிவிலுள்ள குரோமியம் தேனிலும் ஏறியிருக்குமோ என்று ஊரெங்கும் பயம். தேனைச் சாம்பலாக்கி, கரைத்து, மருந்து விட்டதும் ஊதா நிறம் வந்தது; டேனரிகள் நிறைந்த ஆம்பூர்த் தேனைவிட மலைத்தேனில் இன்னும் அடர்த்தியாக. ஊதா வந்தால் குரோமியம் உண்டென்று பொருள். அம்மையார் கையெழுத்திட்டார். சங்கத்தின் தேன் முழுவதையும் கொட்டிவிட வேண்டிய நிலை. தேனீப் பெட்டி வைத்திருந்த குடும்பங்களுக்கு அந்த வருஷத்துப் பிழைப்பே அதுதான்.

ஜவ்வாது மலையிலிருந்து சுந்தரமூர்த்தி என்ற தேனீக்காரர் வந்து நின்றார். சண்டை போடவில்லை.

"எங்க மலைல டேனரியே இல்லம்மா. ஆம்பூர் தேனைவிட எங்களுதுல விஷம் ஜாஸ்தின்றீங்க. எங்க ஈ பஸ் ஏறி ஆம்பூர் போய்ட்டு வருதா இன்னா?"

நாங்கள் சிரித்தோம். அம்மையார் மட்டும் அவரை உட்காரவைத்து விசாரித்தார். பூவா, தண்ணீரா, தகர டின்னா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார். கடைசியில் லாங் பஜாரில் சர்க்கரை வாங்கிவரச் செய்து, பாகு காய்ச்சி, மலைத்தேனுக்கு வைத்திருந்த அதே குடுவைகளில் சோதித்தார். பாகும் ஊதாவானது.

மலைத்தேன் கெட்டி. குடுவையில் விடாப்பிடியாக ஒட்டும். அதனால் அந்தக் குடுவைகளைத்தான் நாங்கள் அதிகம் குரோமிக் அமிலத்தில் ஊறவைத்திருந்தோம். அமிலத்தின் குரோமியம் எத்தனை அலசியும் கண்ணாடியை விடவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வெறும் நீர் வைக்கும் குடுவையில் பிசுக்கே இல்லாததால் அதை அமிலத்தில் போடுவதில்லை. ஆகவே அது எங்களைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

அப்போதைய மேலதிகாரி சொன்னார்: "சத்தமில்லாம மறுபடி டெஸ்ட் பண்ணி அனுப்பிடுங்க. வெளிய தெரிஞ்சா நம்ம பேர் கெட்டுப்போய்டும்."

"தேனோட பேரு கெட்டுப் போச்சே சார்," என்றார் அம்மையார். தவறு தம்முடையதே என்று எழுதிக் கையெழுத்திட்டார். நைட்ரிக் அமிலத்தில் கழுவிய குடுவைகளில் மறுபடி சோதித்தபோது எந்தத் தேனிலும் ஊதா வரவில்லை. தேன் விற்பனைக்குப் போனது. அன்று அவர் அழுததை நாங்கள் பார்த்தோம், இன்றுதான் சொல்கிறோம்.

அம்மையாரே, நோயின்றி நெடுநாள் வாழ்க. கேள்விகள் குறையாமல் வாழ்க. எத்தனையோ தேனைச் சோதித்த தாங்கள், சோதனைக்கு வந்த பொருளை உண்ணலாகாது என்று ஒரு சொட்டும் நாவில் வைத்ததில்லை. சுந்தரமூர்த்தி மலையிலிருந்து தேன் அனுப்பியிருக்கிறார். அதை ஊற்றிவைத்த பாட்டிலை வெந்நீரில் மட்டுமே கழுவினோம்.

இது சாம்பிள் இல்லை அம்மா, சாப்பிடுங்கள்.

அன்புடன்,
ஆய்வுக்கூடப் பணியாளர்கள்
வேலூர், 1986