கேட்டுக்கு மேலே ஒரு போர்டு

ஹலோ... அண்ணே! செருப்புக்கடை அண்ணன்தானே? நான் ஹாஸ்டல் வார்டன் பேசறேன்... ஆமா, ஆமா, போர்டு வந்துருச்சு. வந்தது மட்டுமா? ரெண்டு பேர் ஏணி போட்டு கேட்டுக்கு மேல மாட்டிக்கிட்டு இருக்காங்க. நிறுத்தச் சொல்லுங்கண்ணே, உடனே!

...

நல்லாத்தான் இருக்கு. உங்க போட்டோகூட அம்சமா இருக்கு. அதுக்குக் கீழ எழுதியிருக்கறதை இந்தத் தெருவே வாய்விட்டுப் படிக்குது! ‘பெண்ணை நேசிக்கும் பெண்களுக்கான பாதுகாப்பு இல்லம்’னு! பாதுகாப்பா ஒளிச்சு வெச்ச வீட்டுக்கு யாராவது போர்டு வைப்பாங்களாண்ணே? அக்கம்பக்கத்துல எல்லாரும் இது வேலைக்குப் போற பொண்ணுங்க ஹாஸ்டல்னுதானே நெனச்சுக்கிட்டு இருந்தாங்க!

...

அய்யோ, உங்க மனசைத் தப்பு சொல்லல. எத்தனை பெரிய மனுஷங்க வாசல்ல போய் நின்னேன்? கண்ணாஸ்பத்திரின்னா தர்றோம், அநாதைப் பிள்ளைங்கன்னா தர்றோம், போயும் போயும் இதுக்கான்னு சிரிச்சு அனுப்பினாங்க. நீங்க ஒருத்தர்தான் வீட்டையும் கொடுத்து, வக்கீலையும் வெச்சீங்க. அதைச் செத்தாலும் மறக்க மாட்டேன்.

ஆமா... ஆமா... சம உரிமைதான். யாரும் ஒளிஞ்சு வாழக் கூடாதுதான். நீங்க மேடையில அதைச் சொன்னப்போ முதல் ஆளா கைதட்டினதே நான்தான். ஆனா திங்கக்கிழமை கோர்ட்டு நம்ம நர்ஸ் பொண்ணும் டெய்லர் பொண்ணும் சேர்ந்து வாழலாம்னு சொல்ற வரைக்குமாவது ஒளிஞ்சுதாண்ணே ஆகணும்! நர்ஸ் பொண்ணோட அண்ணனுங்க ஊரையே சலிச்சுக்கிட்டு இருக்கானுங்க. போன தடவை ரெண்டு பேரும் இருந்த வாடகை வீட்டுக்குள்ள புகுந்து டெய்லர் பொண்ணு கையை உடைச்சானுங்க. பாவம், இப்பவும் ஊசி பிடிக்க முடியல அவளால...

ஏம்ப்பா! ஏம்ப்பா, எங்க கிளம்பிட்டே? கழட்டிட்டுப் போ! ... பார்த்தீங்களா, மாட்டத்தான் கூலி வாங்கினானாம், கழட்ட இல்லையாம். போயிட்டானுங்க!

...

சரி, சரி, நீங்க இப்பவே வேற ஆள் அனுப்புங்க. புண்ணியமாப் போகும்... என்னது? போர்டோட போட்டோவா? எப்போ எடுத்தீங்க?... யாரு, அந்த போர்டுக்காரனா? அதை நீங்க... எல்லா வாட்ஸ்அப் குரூப்புக்குமா? தெருப் பேரோடவா?

அண்ணே...

அழிச்சிடுங்க, எல்லாத்தையும் அழிச்சிடுங்க... உங்க மச்சான் அதுக்குள்ள அனுப்பிட்டாரா? யாருக்கெல்லாம்? ... பெருமையா அனுப்பினாராக்கும்! நல்லா இருக்கட்டும்.

...

இருங்க, ஏதோ வண்டிச் சத்தம்.

...

அண்ணே, வந்துட்டானுங்க. ரெண்டு அண்ணனும். கூட இன்னும் நாலு பேர். கேட்டைப் பிடிச்சு உலுக்கறானுங்க... ஏய் பொண்ணுங்களா, மேல போங்க! கதவைச் சாத்திக்கோங்க! நர்ஸ் பொண்ணு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போம்மா!

போலீஸா? போன தடவை அந்த வாடகை வீட்டுக்கு வந்தாங்களே! சீக்கிரம் கல்யாணத்தைப் பண்ணி வைங்கன்னு புத்தி சொல்லி, அவளை அண்ணனுங்க கையில பிடிச்சுக் கொடுத்துட்டுப் போனாங்க. அவனுங்ககிட்டயிருந்து தப்பிச்சுத்தானே இங்க வந்தா. வேணாம். நீங்க வாங்கண்ணே. நேர்ல வாங்க. இந்த ஊர்ல உங்களை எதிர்த்து ஒருத்தன் பேச மாட்டான். நீங்க வந்து கேட்டு வாசல்ல சும்மா நின்னாப் போதும். தங்கச்சி, தங்கச்சின்னு கூப்பிடுவீங்களே... உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்...

...

என்னண்ணே? சத்தமாச் சொல்லுங்க, இங்க கேக்கல... எதை மறைக்கணும்?

...

போர்டுல இருக்கற உங்க பேரையா?

...

போட்டோவையும் சேர்த்தா... கடையில வியாபாரம் கெட்டுடும்... ஆமா... ஆமா, புரியுது. பெட்ஷீட் இருக்கு. எட்டாது, அதான். உங்க ஆளுங்க ஏணியை எடுத்துட்டுப் போயிட்டாங்க.

போனை வைங்க சார். நான் வக்கீலம்மாவைக் கூப்பிடணும்.