வாடை உண்ணும் உயிர்கள்

ஐப்பசி பிறந்து மேகம் தாழ்ந்திருந்தது. வயல்கள் விதைப்புக்கு நெகிழ்ந்து, வானை ஏறிட்டபடி மோனத்தில் கிடந்தன. திருமங்கலம் சாலையின் புளியமரங்கள் இலையசையாது மழைக்குத் தவமிருந்தன. ஆயுத பூசை விடுமுறை கழிந்த அந்த விடியலில், ராஜபாண்டியின் பிளாஸ்டிக் பை அச்சகத்து வாசலில் வசுந்தரா நெஞ்சு கனக்க நின்றாள். மையைக் கரைக்கும் தின்னரின் வாடை அருகிலுள்ள ஊருக்குள் பரவாதிருக்க, தென்னைநார்த் தூளும் எருவும் நிரப்பிய தொட்டியொன்றை அமைத்துத் தந்தவள் அவள். அதில் வாழும் நுண்ணுயிர்களுக்கு அவ்வாடையே அன்னம். பூசை நாள்களிலோ இங்கே எந்த இயந்திரமும் ஓடாது. ஆகவே அன்னமும் இல்லை. சற்று நேரத்தில் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வருகிறார். வாடை வெளிப்பட்டால் அச்சகத்துக்குப் பூட்டு.

ராஜபாண்டி: என்னம்மா, இம்புட்டு வெள்ளன வந்துட்டீக? மெஷினுக்குப் போட்ட மாலையக்கூட இன்னும் எடுக்கல.

வசுந்தரா: எடுத்துட்டு ஓட விடுங்கண்ணே. இப்பவே.

ராஜபாண்டி: மொகம் ஏன் இப்படி வாடிக் கெடக்கு? வீட்டுல சண்டையா?

வசுந்தரா: அதெல்லாம் இல்ல… ஓட விடுங்க.

ராஜபாண்டி: இந்தா, ஓடுது. ஆபீசருக்கு நான்தான் பயப்படணும். நீங்க ஏன்…

வசுந்தரா: தொட்டிக்கு மேல காத்து வெளிய வர்ற குழாயில மோந்து பாருங்கண்ணே. எனக்குத் தைரியம் இல்ல.

ராஜபாண்டி: கட்டுனவுகளே இப்படிச் சொன்னா வெளங்குமா? இருங்க… ம்…

வசுந்தரா: சொல்லுங்கண்ணே.

ராஜபாண்டி: மழை பேஞ்ச கரிசக்காட்டு வாசம்.

வசுந்தரா: விளையாடாதீங்க.

ராஜபாண்டி: நீங்களே வாங்க. கண்ண மூடுனா சோளக்காட்டுக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு. கனவு கணக்கா…

வசுந்தரா: … ஆமாண்ணே. ஆனா எப்படி? இத்தன நாள் பட்டினி. பாதி செத்திருக்கும்னு நெனச்சேன்.

ராஜபாண்டி: பட்டினி கெடக்கும்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே நீங்க.

வசுந்தரா: சொன்னா மெஷின ஓட விட்டிருப்பீங்க. உங்க வழக்கம் என்னால உடைய வேணாம்னு மறைச்சுட்டேன். ராத்திரி கனவுலயும் இதுங்கதான். வீட்டுல கொலு முன்னால உக்காந்து இதுங்களுக்காகவே வேண்டிக்கிட்டு இருந்தேன்.

ராஜபாண்டி: கண்ணுக்குத் தெரியாத உசுருக்குக் கொலுவுல எந்தப் படி?

வசுந்தரா: கிண்டல் போதும். தொட்டிக் கதவ மறைச்சுக்கிட்டு ஏன் நிக்கிறீங்க?

ராஜபாண்டி: சும்மாதான்…

வசுந்தரா: தள்ளுங்கண்ணே. உள்ள ஒரு வாழை எலை. அதுக்கு மேல கிண்ணம். இது… தின்னரா?

ராஜபாண்டி: நீங்க சிரிப்பீகன்னுதான் சொல்லல. தெனம் காலையில குளிச்சுட்டு வந்து கொஞ்சம் ஊத்தி வச்சேன். நார்த்தூளு மேல தண்ணி தெளிச்சேன். மெஷினையும் தொடல, சுவிட்சையும் தொடல. மத்த ஆயுதத்துக்கெல்லாம் பொரி படைக்கிறோம். இதுக உசுருள்ள ஆயுதம், திங்கிறதத்தான படைக்கணும்… என்னம்மா, சிரிக்காம கும்பிட்டுக்கிட்டு நிக்கிறீக? இருங்க, செருப்பக் கழட்டிட்டு நானும் வாரேன்… நல்லா இருங்கப்பா. ஒருநாளும் பசியறியாம இருங்க.