இருவாசலாரின் காதுக்கு எங்கள் பாராட்டு மடல்

இருபத்திரண்டு ஆண்டுகள் இரு கட்சிகளுக்கும் இடித்துரைத்த இணையில்லா ஆலோசகரே! பதினோரு ஆண்டுகள் எங்கள் செய்தித் தொலைக்காட்சியில் அச்சமின்றி அலசிய அரசியல் விமர்சகரே! முன்வாசலில் ஆளுங்கட்சியையும் பின்வாசலில் எதிர்க்கட்சியையும் ஒரே மாலையில் வரவேற்று, ஒருவரை ஒருவர் பாராமல் வழியனுப்பிய எங்கள் இருவாசலாரே! வணக்கம்.

இரண்டு கட்சி அலுவலகங்களிலிருந்தும் தங்களைத் திட்டித் தொலைபேசி வந்தால்தான் அன்றைய நிகழ்ச்சி உருப்பட்டது என்று நாங்கள் நிம்மதியாகத் தேநீர் குடிப்போம். விளக்குகள் எரியும் முன் கைபேசிகள் இரண்டையும் ஒப்பனை அக்காவின் பவுடர் இழுப்பறையில் பூட்டச் சொல்வீர்கள். "இது கையில இருந்தா நான் பழைய ஆளாயிடுவேம்மா" என்பீர்கள். அதை வேடிக்கை என்றே எடுத்துக்கொண்டோம்.

நம்பிக்கை வாக்கெடுப்பு நாளன்று அக்கா விடுப்பு. இழுப்பறை பூட்டிக் கிடந்ததால் கைபேசிகள் தங்கள் சட்டைப்பையிலேயே தங்கின. ஆளுங்கட்சியின் ஆறு உறுப்பினர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று நாடே நகம் கடித்துக்கொண்டிருந்த காலை அது. விளம்பர இடைவேளையில் ஒரு கைபேசி அதிர்ந்தது. எடுத்துவிட்டீர்கள்.

"ஆறு பேரையும் ஒரே வண்டியில ஏத்தாதீங்க. ஆளுக்கு ஒரு வண்டி அனுப்புங்க."

சட்டையில் செருகிய மைக் அணைக்கப்படவில்லை. கட்டுப்பாட்டு அறையில் ஒலிப் பொறியாளர் ஒருவர் காதில் மட்டும் அத்தனையும் விழுந்தது. தயாரிப்பாளரிடம் சொன்னால் பத்து நிமிடத்தில் தலைப்புச் செய்தி. தங்கள் முப்பத்து மூன்றாண்டுப் பெயர் மண்ணாகிவிடும். சொல்லாமல் விட்டால், ஒரு தரப்புக்கு வேலை பார்த்த வாய் நடுநிலை பேசுவதற்கு அவரும் உடந்தை. நேரலையில் இருப்பவர் காதில் தயாரிப்பாளரைத் தவிர வேறு யார் பேசினாலும் வேலை போகும் என்பது முதலாளி போட்ட விதி. பொறியாளர் வீட்டிலோ கைக்குழந்தை. இடைவேளை முடிய இருபது நொடிகள்தான் மிச்சம். தங்கள் காதுக்கருவியில் பேசும் பொத்தானை அழுத்திவிட்டார்.

"சார், மைக் ஆன்ல இருந்துச்சு. நான் கேட்டுட்டேன். வேற யாருக்கும் தெரியாது."

தங்கள் முகம் வெளிறியதைத் திரையில் பார்த்தோம். காரணம் தெரியாத நெறியாளர், "சொல்லுங்க சார், அந்த ஆறு பேர் எந்தப் பக்கம்?" என்று சிரித்தபடி கேட்டார். தாங்கள் மைக்கின் மேல் கை வைத்தீர்கள். தயாரிப்பாளர் தலையில் கை வைத்துவிட்டார்.

"இதுக்கு நான் பதில் சொல்லக் கூடாதுங்க. இப்பதான் ஒரு தரப்புக்கு யோசனை சொன்னேன். இன்னிக்கு இந்த நாற்காலியில உக்கார எனக்கு யோக்கியதை இல்ல. மன்னிச்சிடுங்க."

மைக்கைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனீர்கள். யோசனை கேட்டவர்கள் காட்டிக்கொடுத்தீர்கள் என்றார்கள். எதிர்த் தரப்பு துரோகி என்றது. மாலைக்குள் இரண்டு வாசலும் வெறிச்சோடின. அன்றிரவு ஒலிப் பொறியாளர் நடந்ததை எங்களிடம் மட்டும் சொன்னார்.

மறுநாள் முதலாளி அனைவரையும் நிறுத்திவைத்துத் தங்களிடம் கேட்டார்: "உங்க முகம் மாறுச்சே, காதுல பேசினது யாரு?"

ஒலிப் பொறியாளர் வாய் திறப்பதற்குள் தாங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"காதுலயா? ரெண்டு வருஷமா எனக்குக் கருவி மாட்டுற அந்தக் காது கேக்கிறதே இல்லீங்க."

"காது கேக்காதவரை எப்படி நேரலையில உக்கார வைக்கிறது?"

"அதுவும் நியாயம்தான்" என்றீர்கள்.

செவித்திறன் குறைவால் ஓய்வு என்று ஆணை வந்தது. அங்கேயே கையெழுத்திட்டீர்கள். நான்கு மேசை தள்ளி முணுமுணுத்த சம்பள உயர்வுப் பேச்சைக்கூடக் கேட்டுப் பதில் சொன்ன மனிதர் தாங்கள்! எங்களுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

இந்தப் பிரிவு உபசார விழாவில் முதலாளி முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். இந்தப் பகுதியை நீக்கிவிடலாம் என்று நாங்கள் கெஞ்சிப் பார்த்தோம். ஒலிப் பொறியாளர் கேட்கவில்லை. இம்மடலை இப்போது வாசித்துக்கொண்டிருப்பவரும் அவர்தான். குரல் நடுங்கினால் பொறுத்தருள வேண்டுகிறோம்.

ஐயா, தாங்கள் நோயற்று, நொடிப்பற்று, நூறாண்டு தாண்டி வாழ்க! எங்கள் வாழ்த்து தங்கள் இரு காதிலும் நன்றாகவே விழும் என்று அறிவோம்.

இங்ஙனம்,
அன்று தங்கள் காதில் பேசிய ஒலிப் பொறியாளர்,
அது தெரிந்தும் வாய் திறவாத நாற்பத்தொரு பணியாளர்கள்.