அரிசிப் பெட்டியில் இருந்த சாவி

— அப்பாவோட கார் கீழ நிக்குது அக்கா. ஆஸ்பத்திரி வாசல்லயே, பாதி நடைபாதை மேல ஏறிப்போய்.

— தெரியும் தெத்சு. முதல்ல தோள்ல இருக்கிற பனியைத் தட்டிட்டு உக்காரு. அப்பா பொழைச்சுட்டார்.

— நிஜமாவா?

— மூளையில ரத்தம் கட்டி அடைச்சுக்கிச்சாம். கரைக்கிற மருந்து ஏத்தியிருக்காங்க. வலது கை லேசா அசையுது. இன்னும் கொஞ்சம் தாமதமாயிருந்தா மருந்து போட்டும் பிரயோஜனம் இருந்திருக்காதுன்னு டாக்டர் சொன்னார். அம்மா உள்ள இருக்கா. ஒருத்தரைத்தான் விடுறாங்க.

— அந்தக் கார் எப்படிக்கா இங்க வந்துச்சு? சாவி என்கிட்டல்ல இருக்கு. இதோ பாரு, கோட்டுப் பையில. வயசாயிடுச்சு, இனிமே ஓட்ட வேணாம்னு அப்பா லைசென்ஸைத் திருப்பிக் குடுத்த அன்னிக்கே வாங்கி வெச்சுக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை கடைக்குப் போறதுன்னாக்கூட நான் வந்துதான் எடுப்பேன்.

— ரெண்டு சாவி இருந்துச்சு.

— இன்னொண்ணைத்தான் வெந்நீர் ஊத்துக்குக் குளிக்கப் போனப்ப அப்பா தொலைச்சுட்டாரே. ஒரு வாரம் புலம்பினார்.

— தொலையலை. துணி துவைக்கிறப்ப அம்மா கையில கிடைச்சிருக்கு. பாலிதீன் பையில சுத்தி, அரிசிப் பெட்டிக்கு அடியில புதைச்சு வெச்சுட்டா. இவர் மிச்சம் இருக்கிறதையும் தொலைச்சுட்டா ஆத்திர அவசரத்துக்கு வேணுமேன்னு. அவர்கிட்டயும் சொல்லலை, நம்மகிட்டயும் சொல்லலை.

— இத்தனை வருஷமாவா? அந்த அரிசியைத்தானே நாம தின்னோம்.

— எனக்கும் இன்னிக்குத்தான் தெரியும்.

— சரி, இருந்துச்சுன்னே வெச்சுக்கோ. அது வேலை செய்யாதே. ரிமோட்டுக்குள்ள இருக்கிற பேட்டரி சும்மா கிடந்தாலே செத்துடும். என்னோடதுக்கு வருஷா வருஷம் குளிர் தொடங்குறதுக்கு முன்னாடியே புதுசு மாத்திடுவேன்.

— செத்துத்தான் கிடந்துச்சு. போன வாரம் அம்மா உன்கிட்ட பேட்டரி ஏதாவது கேட்டாளா?

— கேட்டா. தட்டையா, காசு மாதிரி இருக்கிறது. கடிகாரத்துக்குன்னு சொன்னா. நான்... மறந்துட்டேன்கா. சுவர்க் கடிகாரத்துக்கு யாராவது அதைப் போடுவாங்களா? அப்பக்கூட எனக்கு உறைக்கலை பாரு.

— சரி விடு. அதை இப்ப பேசி என்ன ஆகப் போகுது.

— என்னதான் நடந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லு.

— மத்தியானம் ரெண்டு பேரும் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கிட்டிருந்திருக்காங்க. அப்பா கையிலேருந்து சாப்பிடுற குச்சி நழுவியிருக்கு. எடுக்கக் குனிஞ்சவர் நிமிரலை. வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. அம்மா ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினா, நெடுஞ்சாலையில பனிப்புயல், லாரியெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கிடக்கு, வண்டியெல்லாம் அங்க போயிருக்கு, எப்ப வரும்னு சொல்ல முடியாதுன்னாங்களாம். உடனே உனக்கு அடிச்சிருக்கா.

— சர்க்கரை ஆலைக்குள்ள போனை எடுத்துட்டுப் போக விடமாட்டாங்கக்கா. லாக்கர்ல இருந்துச்சு.

— பக்கத்து வீட்டு ஒகாபேயும் எடுக்கலை. அப்புறம்தான் அரிசியை அப்படியே சமையல் ரூம் தரையில கொட்டிட்டுச் சாவியை எடுத்திருக்கா. அமுக்கிப் பார்த்தா, திறக்கலை. ரிமோட்டோட பக்கத்துல ஒரு சின்ன இரும்புச் சாவி செருகியிருக்கும் இல்லையா, அதை உருவிக் கதவைத் திறந்திருக்கா. மண்ணெண்ணெய் கேன் இழுக்கிற சறுக்குப் பலகை கிடக்குமே, அதுல அப்பாவைப் போர்வையோட கட்டி இழுத்துக்கிட்டு வந்திருக்கா.

— அந்த மனுஷனையா? அவ எடையில ரெண்டு மடங்கு இருப்பாரே.

— எப்படிச் சீட்டுல ஏத்தினேன்னு அவளுக்கே ஞாபகமில்லையாம்.

— கதவு திறந்தாச்சு, சரி. இன்ஜின் எப்படி? அதுல சாவி போடுற ஓட்டையே கிடையாதே. பட்டன்தானே.

— செத்த ரிமோட்டை அந்தப் பட்டன் மேல ஒட்டினாப்ல வெச்சு, பிரேக்கை மிதிச்சுக்கிட்டு அமுக்கினா எடுத்துடும். வண்டி வாங்கின அன்னிக்கே கடைக்காரர் செஞ்சு காட்டினாராம். நீயும் அப்பாவும் டயரைச் சுத்திச் சுத்தி வந்துக்கிட்டிருந்தீங்களாம். அம்மா ஒருத்திதான் நின்னு பார்த்திருக்கா.

— இரு, இரு. அப்ப ஓட்டினது யாரு? அந்த நெலமையில அப்பாவையா ஓட்ட விட்டா?

— அப்பா பின் சீட்டுல படுத்துக் கிடந்தார்.

— கூட வேற யாரு வந்தா?

— யாரும் வரலை.

— அம்மாவா?

— நானும் உன்னை மாதிரித்தான் நின்னேன், வாய் திறந்தது திறந்தபடி. வாசல் காவல்காரர்தான் சொன்னார். குட்டையா ஒரு வயசான அம்மா, ஸ்டியரிங்குக்கு மேல ரெண்டு கண்ணு மட்டும் தெரியுது, வந்து நின்னு ஹாரனை அமுக்கினது அமுக்கினபடி இருந்தாங்கன்னு.

— அவளுக்கு ஓட்டத் தெரியாதேக்கா. லைசென்ஸ் இருக்கு, தபாலாபீஸ்ல அடையாளத்துக்குக் காட்டுறதுக்கு. என்னைக்காவது ஸ்டியரிங்கைத் தொட்டு நீ பார்த்திருக்கியா? பக்கத்து சீட்டுல உக்காந்து ஆரஞ்சு உரிச்சுக் குடுப்பா, அவ்வளவுதான். நம்ம ஊர் குன்னெப்புலேருந்து இங்க வரைக்கும், அந்த மேட்டு ரோடு, அந்தக் காத்து... நானே ரெண்டு இடத்துல நிறுத்தி நிறுத்தித்தான் வந்தேன். ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்திருப்பாங்கக்கா.

— அதோ வர்றா. எதுவும் கத்தாதே.

— என்னம்மா பண்ணி வெச்சிருக்கே?

— வந்துட்டியாடா? அவர் தூங்குறார். என் பேரைச் சொன்னார், குழறலாத்தான், ஆனா சொன்னார். நீ கீழ போய் அந்தக் காரைச் சரியா நிறுத்து. பனி மூடியிருந்ததுல நடைபாதை எது, ரோடு எதுன்னு தெரியலை.

— கார் கிடக்கட்டும்மா. ஓட்டத் தெரியாம இந்தப் புயல்ல எப்படித் துணிஞ்சே?

— தெரியாதுன்னு யாரு சொன்னா?

— நீ ஓட்டி நாங்க பார்த்ததே இல்லையே.

— எப்படிப் பார்த்திருப்பீங்க? பொண்டாட்டி ஓட்ட, புருஷன் பக்கத்துல உக்காந்து போனா ஊரே சிரிக்கும்னு உங்கப்பாவைப் பெத்த தாத்தா சொல்லிட்டார். கல்யாணம் ஆன புதுசுலயே பக்கத்து சீட்டுக்கு மாறிட்டேன்.

— அப்பா உனக்காக ஒரு வார்த்தை பேசலையா?

— அவர் என்னத்தைப் பேசுவார்? அப்ப அவருக்கு வண்டியை எடுக்கவே தெரியாது. உருளைக்கிழங்கு வயல்ல, எங்கப்பாவோட பால் லாரியில, அவருக்கு ஓட்டக் கத்துக்குடுத்ததே நான்தான்டா.