வேட்டைக்காரர் போடும் சப்பாத்து

மொன்றியலுக்கு எதிர்க்கரையில், லொங்குய்யில் உள்ள வேட்டைச் சாமான் கடைக்கு மகளின் பனிச் சப்பாத்தை மாற்றப் போயிருந்தேன். பக்கத்து வாங்கில் ஒரு தமிழ்க் கணவனும் மனைவியும் இருந்தார்கள்.

"வேட்டைக்கில்லை எண்டு கடைக்காரப் பெட்டைக்குச் சொல்லுங்கோ," என்றார் மனைவி.

"ஏன்? வேட்டைக்காரர் ஏறுற மலைக்குத்தானே நானும் போறன்."

மனைவி ஒரு ரப்பர் சப்பாத்தைக் காட்டினார். "இதுக்குள்ள தண்ணி வராது."

"வராது. ஆனா செங்குத்தில கணுக்காலைப் பிடிக்காது. இந்தத் தோல் சப்பாத்துக்கு அடி விறைப்பு, தண்ணியும் உள்ள போகாது."

"பொலிசே தேடுறதை விட்டிட்டாங்கள். உங்கட முழங்காலோட எப்பிடி ஏறப்போறியள்?"

"பனி கரையட்டாம், பேந்து பாப்பமாம். அதுவரைக்கும் நான் வீட்டில இருந்து என்ன செய்ய?"

வேலையிடத்து நண்பர்களோடு மான் வேட்டைக்குப் போன அவர்களுடைய மகன் மட்டும் திரும்பி வரவில்லை என்பது அடுத்தடுத்த பேச்சில் தெரிந்தது.

கணவர் தோல் சப்பாத்தைப் போட்டு எழுந்து நின்றார். இரண்டடி நடந்துவிட்டு, "சரியாயிருக்கு," என்றார்.

"பத்தாம் நம்பரிலயும் ஒரு சோடி எடுங்கோ."

"எனக்கு எட்டுத்தானே?"

"தம்பிக்கு. நனைஞ்ச சப்பாத்தோட பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வராதேங்கோ."

அவர் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. கடைக்காரப் பெண்ணிடம் போய், பிரெஞ்சில், பத்தாம் நம்பர் இருக்கிறதா என்று கேட்டார்.